சிப்பித்துறைச் செவப்புச் சுவர்

முன்னொரு காலத்துல, எங்க தாத்தனுக்கும் தாத்தன் பிறக்குமுன்ன, இதே சிப்பித்துறையில பொருத்தலு ஐயான்னு ஒரு மனுசன் இருந்தாராம். சொந்த ஊரு இத்தாலி தேசத்துல, பெர்கமோ பக்கம் ஒரு மலையூரு. பேரு பொர்தொலோ. நம்ம சனங்க வாயில அது பொருத்தலுன்னு ஆயிப்போச்சு.

படம் எழுதுறதுதான் அவருக்குத் தொழில். அந்த மலையில இருக்க சின்னச் சின்னக் கோயில்ல எல்லாம் அவரு எழுதின சம்மனசு, அதான் றெக்கை வச்ச தேவதூதரு, இருக்குமாம். மலையைத் தாண்டினா அவரை யாருக்கும் தெரியாது. தலை நரைச்ச பிறகு, நம்ம கோயில் பீடத்துக்கு மாதா படம் எழுத ஆள் தேடுறாகன்னு கேட்டு, கடலையே பாத்திராத மனுசன் கப்பலேறிட்டாராம். இந்த ஒரு படமாவது நாலு தேசம் பேசணும்னு ஆசை.

எழுதினாரு, எழுதினாரு, எழுதிக்கிட்டே இருந்தாரு. மாதா முகம் வந்துச்சு, கை வந்துச்சு. அங்கி மட்டும் பாக்கி. அதுக்குன்னே ஊருல இருந்து ஒரு பெட்டிச் செவப்புப் பொடி கொண்டாந்திருந்தாரு. யாரையும் தொட விடமாட்டாராம்.

அப்பத்தான் புயல் அடிச்சுச்சு. வள்ளமெல்லாம் கடல்ல. கோயிலை ஒட்டி நின்ன ரெட்டைப் பனை வேரோட சாஞ்சிருச்சு. கடல்ல இருந்து வாறவுகளுக்கு அதுதான் அடையாளம். அதுக்கு நேரா வந்தாத்தான் பாறைக்கு நடுவுல வழி. கொஞ்சம் விலகினாலும் வள்ளம் சிதறிரும்.

விடிஞ்சப்ப காத்து தணிஞ்சிருக்கு. பாறைக்கு அந்தப் பக்கம் வள்ளத்துப் பாய் தெரியுது. தெக்க போகுது, வடக்க போகுது, கரைக்கு மட்டும் வரலையாம். மணலும் வெள்ளை, கோயிலும் வெள்ளை. எதைப் பாத்து வருவாக? தீ மூட்டலாம்னா விறகெல்லாம் ஈரம்.

கித்தேரின்னு ஒருத்தி. அவ புருசன் தொம்மை அந்த வள்ளத்துல ஒண்ணுல இருக்கான். நேரா பொருத்தலு ஐயாகிட்ட வந்தா.

“ஐயா, ஒங்ககிட்ட செவப்பு இருக்குல்லா?”

பங்குச்சாமி குறுக்க வந்தாரு.

“அது மாதாவுக்குன்னு வந்தது, பொர்தொலோ. இனி அடுத்த கப்பல் எப்ப வருமோ, ஒமக்கும் வயசாச்சு.”

பொருத்தலு ஐயா பீடத்துப் படத்தைப் பாத்தாராம். பாத்துக்கிட்டே நின்னாராம். பிறகு தெரிஞ்ச தமிழ்ல மெதுவாச் சொன்னாரு.

“சாமி, மாதா காத்திருப்பா. கடல்ல இருக்கவுக காத்திருக்க முடியாது.”

பெட்டியைத் திறந்து அவரே கொட்டினாரு. பொம்பளைங்க வீட்டு வீட்டுக்கு ஓடி, வள்ளத்துக்குப் பூச வச்சிருந்த சுறா எண்ணெயைக் கொண்டாந்தாக. குழைச்சாக. அந்த வயசுல ஏணியேறி, பனை நின்ன இடத்துக்குப் பக்கமா, கடலைப் பாத்த கோயில் சுவருல மேலயிருந்து கீழ வரைக்கும் பூசினாரு. எட்டின இடமெல்லாம் பொம்பளைங்க பூசினாக. சம்மனசு எழுதின கையி, சுவத்தைப் பூசுது.

பூசிட்டு எல்லாரும் கடலைப் பாக்காக.

“திரும்புது”ன்னாளாம் கித்தேரி.

ஒரு பாய் திரும்புச்சு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. ஒண்ணொண்ணா வழியில நுழைஞ்சு அத்தனை வள்ளமும் கரை சேந்துச்சாம். தொம்மை கரையேறினதும் தண்ணி குடிச்சிட்டுச் சொன்னான்.

“கரையில ஏதோ செவப்பாத் தெரிஞ்சுது. அதைப் பிடிச்சு வந்துட்டோம்.”

பொருத்தலு ஐயா மணல்ல உக்காந்துட்டாரு. எத்தனை கோயில் எழுதியும் வராத நிம்மதி அன்னைக்கு வந்துச்சுன்னு பின்னால சொல்லுவாராம். கித்தேரி கஞ்சி கொண்டாந்து குடுத்தா. செவப்புக் கையோடயே வாங்கிக் குடிச்சாராம்.

அடுத்த கப்பல்ல செவப்பு வந்துச்சு. “இப்ப அங்கியை முடிச்சிரும்”னு பங்குச்சாமி சொன்னாரு. இவரு தலையாட்டிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா, வெயில்ல வெளுத்துக்கிடந்த சுவத்துக்குப் போயிட்டாராம். சாமி சிரிச்சிட்டு ஏணியைப் பிடிச்சுக்கிட்டாராம். பிறகு அவரு ஊருக்குத் திரும்பவேயில்லை. இங்கயே கல்யாணம் முடிச்சு, இங்கயே அடங்கினாரு. அவரு வம்சந்தான் நாங்க.

அதனாலதான் நம்ம பீடத்து மாதாவுக்கு அங்கி வெறும் கரிக்கோடா நிக்குது. அதனாலதான் வருசா வருசம் பொம்பளைங்க மட்டும் கூடி, சுறா எண்ணெயில செவப்பு குழைச்சு அந்தச் சுவருக்குப் பூசுறாக. அது காஞ்ச பிறகுதான் சிப்பித்துறையில வள்ளம் இறங்கும்.