முன்னறைக்கு மாறிய அன்று

வெள்ளை பெயின்ட் அடித்தால் அறை பெரிதாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான் இன்ஸ்பெக்டர் ஐயா. முன்னறைக்கு நானேதான் அடித்தேன், தம்பியின் கட்டிலை அங்கே கொண்டுபோவதற்காக.

கிரேன் ஓட்டியவன். விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதிலிருந்து பின்னறையில்தான் கிடந்தான். வலிக்கு மார்ஃபின் ஊசி. ஆரம்பத்தில் துளி மருந்துக்கே கண் செருகும். பிறகு மூளை அதற்குப் பழகிவிட்டது. அளவு ஏறிக்கொண்டே போனது. புது ஆளுக்குப் போட்டால் எழுந்திருக்க மாட்டான் என்கிற அளவு, அவனுக்குத் தலைவலி மாத்திரை மாதிரி. ஊசி போட நானே கற்றுக்கொண்டேன். வேலையை விட்டேன். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டவரைப் பொறுக்கச் சொன்னேன். பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். பத்திரிகை கொடுக்க நேரிலேயே வந்தார், நல்ல மனிதர்.

ஊசி தாமதமானால் தம்பிக்கு மூக்கு ஒழுகும், உடம்பு தூக்கிப்போடும், வாய்க்கு வந்தபடி திட்டுவான். போட்டதும், "உன்ன விட்டா எனக்கு யாரு இருக்காக்கா" என்பான். இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்கப் பழகியிருந்தேன்.

வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் விளக்கினாள். அந்த ஜன்னல், அந்த நாற்காலி, தட்டு வைக்கும் சத்தம், இவற்றைக் கண்டதும் கேட்டதுமே மருந்து வரப்போகிறதென்று மூளை தெரிந்துகொள்ளுமாம். அதை எதிர்க்க உடம்பை முன்கூட்டியே முடுக்கிவிடுமாம். மருந்து வராவிட்டால் அந்த முடுக்கமே நடுக்கமாகிறதாம்.

"இடத்த மாத்தறதா இருந்தா முதல்ல எங்கிட்ட சொல்லுங்கக்கா. புது இடத்துல உடம்பு தயாரா இருக்காது. பழைய அளவே போட்டா மூச்சு நின்னாலும் நின்னுடும்" என்றாள்.

மாற்றுவதாக இல்லை என்றேன். மறுநாள் பெயின்ட் வாங்கினேன்.

தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம். தெருவைப் பார்த்துக்கொண்டே, "இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்லக்கா" என்றான். தட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன். அதுவரை போடாத கையில் போட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுதான். ஒரு சொட்டும் கூட்டவில்லை. அளவை நீங்களே சோதித்துவிட்டுச் சரி என்றீர்கள். நானாகச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தெருவே என்னைத் தியாகி என்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அவனுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. உதடு நீலம் பூத்தது. நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். அடுத்த தெருதான், மார்ஃபினை முறிக்கும் மருந்து எப்போதும் அவள் பையில் இருக்கும். ஆனால் அவன் அப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. கூடப் பிறந்தவள், எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் வெயில் படுகிறதே என்று திரையை இழுத்துவிட்டேன்.