கம்பியா, ஸ்குரூவா

அட, உக்காருங்கண்ணே, உங்க நம்பர் வர இன்னும் நேரம் கெடக்கு. திடீர்னு கையப் பிடிச்சுப் பாத்துட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. எனக்கு வெட்டப்போற அதே எடத்துல தழும்பப் பாத்ததும் மனசு கேக்கல. ஸ்குரூதானே போட்டாங்க? ஆங், நெனச்சேன்.

எனக்கும் அதே எலும்புதாங்க. கட்டவெரலுக்குக் கீழ, முந்திரிப் பருப்பாட்டம். இத்தனூண்டு எலும்பு ஒரு ஆள மொடக்கிப் போடும்னு யாரு கண்டா? பிளாஸ்டர் போட்டாங்க, மாத்திப் போட்டாங்க. படம் எடுத்துப் பாத்தா நடுவுல கோடு அப்பிடியே நிக்கிது. ரத்தம் கம்மியா ஓடுற எலும்பாம், லேசுல சேராதாம்.

போன தடவ டொக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து அந்த வெடிப்புல வச்சு அடைக்கணுமாம். பொறவு ரெண்டு துண்டையும் எதால பிடிச்சு வைக்கிறதுங்கிறதுதான் கேள்வியாம். கம்பின்னா குத்தி வச்சு மேல பிளாஸ்டர், மாசக்கணக்குல அசையக் கூடாது, அப்புறம் கம்பிய உருவணும். ஸ்குரூன்னா எலும்புக்குள்ளயே பொதஞ்சிருமாம், கொஞ்சம் முன்னாடியே கைய அசைக்கலாமாம். சின்னத் தகடும் இருக்காம். முறுக்கிக்காம நல்லாப் பிடிக்கும், ஆனா ஓரம் ஒரசுனா திரும்பக் கீறி எடுக்கணுமாம்.

நா ஒண்ணுதாங்க கேட்டேன், எதப் போட்டா சீக்கிரம் பாரம் தூக்கலாம்னு. ஒரு மாதிரி பாத்தாங்க. டக்ளஸ், எதப் போட்டாலும் மொதல்ல எலும்பு சேரணும், அதுக்குள்ள பாரம் குடுத்தா எதுவும் நிக்காதுன்னாங்க.

அதான் உங்கள கேக்குறேன். நீங்க எத்தன மாசத்துல மம்பட்டி பிடிச்சீங்க? கடையிலயா வேல? சரி, ஒரு வாளி தண்ணி தூக்குனது எப்ப? இன்னும் எடது கையிலதானா... ஐயோ, மாதாவே.

கவ்வாத்து வெட்டவா? இல்லங்க, தேயில வெட்டுற வேலைக்குப் போயே ரொம்ப நாளாச்சு. கங்காணி ஒரு வார்த்த கேக்கல. அவருக்குத் தெரியும்.

ரெஸ்ட் எடுக்கலதான். பொய் சொல்லி என்னாகப் போவுது? பிளாஸ்டர் கையோடயே மண்ணு குத்துற அலவாங்கு பிடிச்சேன். மொத பிளாஸ்டர வெட்டுன நர்ஸ் மிஸ்ஸு மூக்கப் பொத்திக்கிட்டு, என்னங்க இது, உள்ளுக்க ஒரு தோட்டமே இருக்குன்னு சிரிச்சிச்சு. நானும் சேந்து சிரிச்சேன். அந்தப் புள்ளைக்கு என்னத்தச் சொல்ல?

மண்சரிவுலதாங்க ஒடஞ்சிச்சு. கொத்மலப் பக்கம் எங்க தோட்டம். மழ விடவே இல்ல. மாட்ட அவுத்து விடலாம்னு பட்டிக்கு எறங்கினேன், மேல ரயிலு வாற மாதிரி ஒரு சத்தம். எங்க வீடுக இருந்த லயத்தப் பாத்து ஓடினேன். மண்ணு வந்து காலத் தட்டி விட்டுச்சு, கைய ஊனி விழுந்தேன். அப்ப வலிக்கவே இல்லங்க. எந்திரிச்சுப் பாத்தா லயம் இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல.

ஆமி வந்தாங்க, மண்ணு அள்ளுற பெக்கோ மெசினு வந்திச்சு. நல்லாத்தான் தோண்டுனாங்க, கொற சொல்ல மாட்டேன். அப்புறம் மலையில இன்னும் வெடிப்பு இருக்கு, யாரும் ஏறப்படாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. நானும் மச்சான் சுமனும் மட்டும் ஒளிச்சு ஒளிச்சுப் போவோம். அவன் வெட்டுவான், நா மண்ண அள்ளுவேன். இப்ப அவனும் முடியலன்னு கொழும்புக்குப் போயிட்டான். அழுதுக்கிட்டேதான் போனான், பாவம். அடுத்த மழ எறங்குனா மேல நிக்கிற மலையும் வந்திரும்ங்க. அதுக்குள்ள ஒரு கையால நா எவ்வளவுதான் அள்ளுவேன்?

அந்தா, என்னயக் கூப்பிடுறாங்க. ஸ்குரூன்னே சொல்லிர்றேன், என்ன?

தோண்டி எதத் தேடுறேன்னா கேக்குறீங்க? ஷிராணியத்தாங்க. என் பொஞ்சாதி. மத்தவங்கள எல்லாம் எடுத்துட்டாங்க, அவ மட்டும்தான் உள்ளுக்க இருக்கா. அடுப்படியிலதான் நின்னா, நா பட்டிக்குப் போறப்ப பாத்தேனே. எடம் எனக்கு நல்லாத் தெரியும்ங்க.