நேர் வால், பிளவு வால்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டு மீனின் பெயர் தெரியாது. கடைக்காரர் என்ன சொல்லிப் பையில் கட்டிக் கொடுத்தாரோ அதுதான் பெயர். கெளுத்தி விஷயத்தில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். மீசை இருந்தால் போதும், "அடியில கிடக்கும் சார், தொட்டியச் சுத்தம் பண்ணும், ஒரு தொந்தரவும் இல்ல" என்று எல்லா இனத்தையும் ஒரே வாக்கியத்தில் விற்றுவிடுவார்கள். வாங்கியவர், அது கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் கண் பரிசோதனை, பின்பக்கம் என் கெளுத்தித் தொட்டி. கண்ணாடி வாங்க வருகிறவர்களைவிட, போனில் மீன் படத்தை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்று என் மனைவி குறைபட்டுக்கொள்வாள். மீசையின் நீளம், முதுகுத் துடுப்பு, வாலின் விளிம்பு, இவற்றைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதுவரை தவறியதில்லை. ஒரே ஒரு தடவை தவறாகச் சொன்னேன். அது தெரிந்தே சொன்னது. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன். யாரும் பதற வேண்டாம், மீன் விஷயம்தான்.

என் மாமனார் தையல்காரராக இருந்து ஓய்ந்தவர். மாமியார் காலமான பிறகு இளைய மகள் வீட்டில் இருந்தார், அதாவது என் சகலை வீட்டில். சகலை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். எங்கள் வீடோ தரைத்தளம். தனி அறை, நல்ல காற்று, அறையை ஒட்டியே குளியலறை. வயதானவர் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். நானும் பல தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை. இங்க மீசைக்காரி இருக்காளே" என்பார்.

மீசைக்காரி என்பது கட்டைவிரல் அளவு உள்ள ஒரு கெளுத்தி. கோரி என்பார்கள். மாமியார் கடைசியாகக் கடைத்தெருவுக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கிவந்தது, பெயர் வைத்ததும் அவர்தான். அந்தத் தொட்டியில் சிவப்பும் நீலமுமாக ஒரு கூட்டம் நியான் மீன்களும் உண்டு, ஆனால் மாமனாருக்கு மீசைக்காரிதான் உயிர். கோரி விழியை உருட்டினால் கண்ணடிப்பதுபோல் இருக்கும். மாமனார் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டு, அது கண்ணடிக்கும்போதெல்லாம் பதிலுக்குக் கண்ணடிப்பார். கண் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அது கண்ணடிப்பு அல்ல, விழி கீழே சுழல்வதால் வரும் தோற்றம் என்று ஒருநாள் விளக்கினேன். "சரிங்க மாப்பிள்ளை" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மீனைப் பார்த்து மறுபடியும் கண்ணடித்தார்.

எனக்கு மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. நான் போனால் எழுந்து நிற்பார், திறந்து கிடக்கும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். மூத்த மாப்பிள்ளை அல்லவா. சகலையை மட்டும், "டேய், காலத் தூக்குடா, நூல் உருண்டை அங்க போயிடுச்சு" என்பார். அவரும் சோபாவில் படுத்தபடியே காலைத் தூக்குவார், இருவரும் சிரிப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் என்னை ஒரு தடவைகூட "டேய்" என்றதில்லை. எனக்கு அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார், அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சகலை ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பையோடு என் கடைக்கு வந்தார். உள்ளே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குட்டி ஒன்று.

"மாமாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் சகலை. மீசைக்காரிக்குத் துணைக்கு விடலாமான்னு நீங்க ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க."

பம்பிள்பீ என்ற ஒரே பெயரில் இரண்டு கெளுத்திகளை விற்கிறார்கள். குட்டியில் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். ஒன்று விரல் நீளத்தோடு நின்றுவிடும், பரம சாது, வாலின் ஓரம் ஏறக்குறைய நேராக இருக்கும். மற்றது உள்ளங்கையைத் தாண்டி வளரும், வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும், வால் நடுவில் பிளந்திருக்கும். இதை மாமனாருக்கே ஒருமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கடைத் தொட்டியில் இருந்த சாதுவைக் காட்டி, வாலைக் கவனிக்கச் சொன்னேன். என் பேச்சில் அவர் உண்மையாகவே அக்கறை காட்டியது அந்த ஒருநாள்தான். "ஓ, இது நேர் வெட்டு, அது பிளவு வெட்டா?" என்று தையல்காரக் கணக்கில் மனதில் ஏற்றிக்கொண்டார்.

பையை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிளவு வால். சந்தேகமே இல்லை.

"சின்ன இனம்தான் சகலை. தாராளமா விடுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா அப்புறம் அப்பீல் ஏது" என்று சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனிதர். கேள்வி கேட்கத் தெரியாது.

என் எண்ணத்தில் கெடுதல் ஒன்றுமில்லை. நியான்கள் போய்விடும். தொட்டி வெறிச்சோடும். அப்போது நான் போய், "மீசைக்காரியத் தனியா விடாதீங்க மாமா, நம்மகிட்ட பெரிய தொட்டி இருக்கு, வீட்டுக்கே கொண்டுவந்துடலாம்" என்பேன். மீன் வந்தால் அவரும் வருவார். மீசைக்காரிக்கு ஆபத்து வராது என்பதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். பயந்தால் கோரி பக்க முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அதை விழுங்குகிற மீனுக்குத் தொண்டை கிழியும்.

சில மாதங்களில் குட்டி வளர வளர, நியான்கள் குறைய ஆரம்பித்தன. லீவு நாளில் நான் போகும்போதெல்லாம் கூட்டம் மெலிந்திருக்கும். பட்டைக்காரன் மரக்கட்டைக்கு அடியில் வயிறு புடைக்கப் படுத்திருப்பான்.

"செத்ததும் கண்ணுல படல, உயிரோடவும் காணோம். எப்படிங்க மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார்.

ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. "தீனி கொஞ்சம் கூடப் போடுறீங்க மாமா. தண்ணி கெட்டுப்போகுது. சின்ன மீன் தாங்காது, செத்துக் கரைஞ்சிடும்" என்றேன்.

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஊசியில் நூல் கோத்த விரல்கள், அவற்றின் அளவு தப்பும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அடுத்த முறை போனபோது தீனியை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் அடுத்த முறை, மகளைப் போடச் சொல்லிவிட்டு எட்டி நின்றார். தொட்டிப் பக்கம் போவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாராம், மீன்களிடம் மன்னிப்புக் கேட்கிறாராம். கொழுந்தியாள் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கை கழுவுவது நல்ல பழக்கம்தானே என்றேன்.

எனக்குக் கஷ்டமாக இல்லை என்று நினைக்காதீர்கள். உண்மை வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் சகலை வீட்டிலேயே இருந்துவிடுவாரே என்று விழுங்கிக்கொண்டேன்.

நான் ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. கோரியின் முள் எனக்குத் தெரியும். பட்டைக்காரனுக்குத் தெரியாது.

சகலை போன் செய்து உடனே வரச் சொன்னார். மூன்று மாடி ஏறிப் போனேன். மாமனார் சாப்பாட்டு மேஜையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டைக்காரனைக் கிடத்தியிருந்தார். வாய்க்கு வெளியே மீசைக்காரியின் வால் தெரிந்தது. நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால், துணி கிழியாமல் தையல் பிரிப்பது போல, அவளை வெளியே எடுத்தார். இரண்டுமே செத்திருந்தன. மீசைக்காரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் கண் திறந்துதான் இருந்தது.

பிறகு பட்டைக்காரனின் வாலை விரல் நுனியால் விரித்தார்.

"மாப்பிள்ளை, இது நடுவுல வெட்டு இருக்குங்களே."

"செத்தா துடுப்பு கிழிஞ்சிடும் மாமா."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா கிழிஞ்சிருக்குங்க."

சகலை தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். மாமனார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு துணியை மடித்தார்.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. நம்பிவிட்டார்.

காலித் தொட்டியின் முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைக் கொழுந்தியாளால் பார்க்க முடியவில்லை. "கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருங்கப்பா, அவங்ககிட்ட மீனெல்லாம் இருக்கு" என்று அவளே அனுப்பிவைத்தாள். சகலை பெட்டியைச் சுமந்து கீழே வந்தார். மாமனார் அவர் தலையில் கை வைத்து, "வரேன்டா" என்றார். அந்த "டா" சீக்கிரமே எனக்கும் கிடைக்கும் என்று காரில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்காகவே கடைத் தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கோரிக் கூட்டத்தையும் வாங்கிவிட்டேன். தீனி டப்பாவை நீட்டினால், "வேண்டாங்க மாப்பிள்ளை, என் கை ஆகாது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அவர் கையில் குற்றமில்லை என்று ஒருநாள் சொல்லிவிடலாம். இப்போது நிம்மதியாக இருப்பவரை எதற்குக் கிளற வேண்டும்?

நாற்காலியை மட்டும் தொட்டிக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். நான் உள்ளே வந்தால் எழுந்து நின்று, பொத்தானைப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்க்கிறார். "அப்பா உங்க மூஞ்சியப் பாத்தே பேசறதில்லையே, என்ன பண்ணீங்க?" என்கிறாள் மனைவி. மரியாதைடி என்றேன். ஏன் மாமா திரும்பி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நானே கேட்டேன். "கண்ணு கூசுதுங்க மாப்பிள்ளை" என்றார்.

உடனே கடைக்கு அழைத்துப்போய் இரண்டு கண்ணையும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை, கீழ் வரிசை எழுத்துவரை படிக்கிறார். அதனால் லேசாகச் சாம்பல் நிறம் ஏற்றிய கண்ணாடி ஒன்று அவருக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதைப் போட்டுவிட்டால் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார்.