வால்வுப் பூட்டின் சாவி

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி. வயது முப்பத்து நான்கு. தையல் வேலை செய்கிறேன். மாடி வீட்டில் என் மகளுடன் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர், அவர் மகன், மருமகள், கைக்குழந்தை. தெருவிலிருந்து வரும் பழைய குழாய் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

என் மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. இரத்தத்தில் ஈயம் இருப்பதாகச் சொன்ன டாக்டர், காலையில் முதலில் பிடிக்கும் தண்ணீர் எதற்குப் போகிறது என்று கேட்டார். பள்ளிக்கூட பாட்டிலுக்கு என்றேன். இரவெல்லாம் பழைய குழாயில் தேங்கிய தண்ணீரில்தான் ஈயம் கரைந்திருக்கும் என்றார்.

அதன் பிறகு என் மனுவின் பேரில் குடிநீர்த் துறையின் சோதனைக்காரர் கையடக்கக் கருவியுடன் வந்தார். தண்ணீரை ஒரு பட்டையில் சொட்டிக் கருவியில் செருகினால் சிறிது நேரத்தில் விளக்கு எரியும். ஈயம் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. வந்த இரண்டு முறையும் பச்சைதான். கருவியைக் குறை சொல்வதற்கில்லை, கொடுத்ததைத்தானே அது பார்க்கும். அவர் வருவதற்குள் வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டு, தேங்கியதெல்லாம் ஓடிய பிறகே தம்ளரில் பிடித்துக் கொடுத்தார். நான் தடுத்ததற்கு, "வீடு தேடி வந்தவருக்கு ராத்திரி தேங்கின தண்ணியவாம்மா குடுப்பாங்க? மானம் போயிடும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல, பிடிவாதக்காரர்.

அதன் பிறகு, சோதனைக்காரர் மூன்றாம் முறை வருவதற்கு முந்தைய இரவு, மாடிப்படிக்குக் கீழே உள்ள வால்வை மூடி, சங்கிலி சுற்றி, என் துணிப்பெட்டியின் பூட்டைப் போட்டது நான்தான். காலையில் வீட்டுக்காரர் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். உடனே போனில் உங்கள் ஸ்டேஷனுக்கு என் மீது இந்தப் புகாரைக் கொடுத்தார். சோதனைக்காரர் வந்து நின்ற பிறகே பூட்டைத் திறந்தேன். கீழ்வீட்டு அடுப்படிக் குழாயில் வந்த முதல் தம்ளரைச் சோதித்தார். சிவப்பு எரிந்தது. மிஷின் கோளாறு என்றார் வீட்டுக்காரர். பட்டையை மாற்றிப் பார்த்ததில் மறுபடியும் சிவப்பு.

அங்கே மருமகள் பால்மாவு டப்பாவுடன் தண்ணீருக்குக் காத்து நின்றிருந்தார். "தினமும் விடிஞ்சதும் இதுலதானே மாமா புள்ளைக்குக் கலக்குறேன்" என்றார்.

சாவியை ஒப்படைக்கச் சொல்கிறீர்கள். அது என்னிடம் இல்லை. மருமகள் வால்வை மறுபடி மூடிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மாமனார் கேட்டும் கொடுக்கவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)