உதியங்குளங்கர வெர்ஷன்

இல்ல மாமி, சாயா ஒண்ணும் வேண்டாம், கொஞ்சம் வெள்ளம் போதும். மகனுக்க அறை அதுதானா? கதவு சாத்தியே கிடக்கட்டும், நான் இந்தக் கசேரயில இரிக்கேன். நான் கொஞ்சம் சத்தமாப் பேசுற ஆளாக்கும். உள்ள கேட்டா கேக்கட்டும்.

வீடு கண்டுபிடிக்கப் பட்ட பாடு கேக்கணுமே. காரோட்டுல பஸ் இறங்கி, ஜிஜினுக்க வீடு எதுண்ணு கடையில கேட்டேன். மீன்வண்டி ஜிஜினா, பாட்டுக்குழு ஜிஜினாண்ணு கேக்கியாவ. கம்ப்யூட்டர் படிச்சவருண்ணு சொன்னேன். ஓ, நம்ம புஷ்பபாய்க்க மகன், வெளியில இறங்காத ஜிஜினாண்ணு கை காட்டித் தந்தாவ. சிரிக்கப்பிடாது மாமி, உள்ளதச் சொன்னேன்.

எனக்க பேரு ஆர்யா, நெய்யாற்றின்கரை. திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனி, மருந்துக்கடைகளுக்கு சாப்ட்வேர் உண்டாக்கிக் கொடுக்குது. உங்க மகன நேருல கண்டதே இல்ல. பின்ன எப்படிப் பழக்கம்ணா கேக்கிய? அது ஒரு கத.

நீங்க புட்டு அவிப்பிய இல்லியா. மாவு மில்லுல பொடிச்சது, அவிக்கிய குற்றி கடையில வாங்கினது, தேங்கா அடுத்த வீட்டுப் பறம்புலயுள்ளது. ஆனாலும் மாமிக்க புட்டுண்ணுதானே பேரு. எங்க சாப்ட்வேரும் அப்படியாக்கும். முக்காலும் யாராரோ எழுதி நெட்டுல சும்மா போட்டு வச்ச துண்டுகள். லைப்ரரிண்ணு சொல்லுவோம். எது வேணும், அதுல எந்த வெர்ஷன் வேணும்ணு எழுதிக் கொடுத்தா, மிஷினு போய் எடுத்துட்டு வந்து எங்க எழுத்தோட சேத்துக் கட்டிரும். அதப் பாத்துக்கிடுறது எனக்க வேல.

அதுல ஒண்ணு உங்க மகன் எழுதினது. மருந்து அட்டையில காலாவதித் தேதிய ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கோலத்துல அடிப்பான். அத்தனையையும் அது ஒண்ணுபோல ஆக்கித் தரும். கொஞ்சூண்டு எழுத்துதான், ஆனா தப்பாது. ஒவ்வொரு தடவ திருத்தும்போதும் வெர்ஷனுக்கு நம்ம பஸ் ஸ்டாப்பு பேரு வைப்பாரு. அமரவிள, உதியங்குளங்கர, இஞ்சிவிள. அதக் கண்டுதான் ஆளு நம்ம பக்கம்ணு பிடிகிட்டிச்சு. கேட்டப்போ காரோடுண்ணு சொன்னாரு. எங்க மேனேஜர் டெல்லிக்காரரு, உதியங்குளங்கரண்ணு சொல்ல வராம மீட்டிங்குல வெள்ளம் குடிப்பாரு.

இஞ்சிவிள வெர்ஷன் வந்தப்போ எங்களுக்குத் தேதியெல்லாம் தலகீழா மறிஞ்சுது. நான் பழையபடி உதியங்குளங்கரையிலயே பூட்டிப் போட்டேன். பூட்டினா, புதுசு எது வந்தாலும் மிஷினு தொடாது. பின்ன அவருக்கு எழுதினேன். ஒரு சாயா குடிக்கிற நேரத்துல சரியாக்கித் தந்துட்டு, சாரி சேச்சிண்ணு வேற. எனக்கு அவரவிட வயசு குறவாக்கும் மாமி.

அந்த லைப்ரரி நேத்து நெட்டுல இல்ல. அவரே அழிச்சுட்டாரு. இப்போ எங்க வேல நிண்ணு போச்சு. திங்கக்கிழம கடைகளுக்குக் கொடுக்கணும், இவரு எழும்பி வந்து திரும்பப் போட்டாத்தான் உண்டு. இதச் சொல்லத்தான் வந்தேன். உள்ள கேக்கும் இல்லியா?

என்ன மாமி? வேல போனதுல இருந்தே உள்ளதானா? சோத்தையும் தொடல்லியா? அழாதுங்க. இங்ஙன கிட்ட வாருங்க. இனி மெல்லச் சொல்றேன்.

ஒண்ணும் நிக்கல்ல. வெளியில இருந்து எடுக்கியது எல்லாத்துக்கும் ஒரு காப்பி ஆபீசுக்குள்ள நான் வச்சிருக்கேன். நெட்டுல போனாலும் எங்களுக்கு ஒரு கேடும் இல்ல. பின்ன எதுக்கு வந்தேண்ணா, அவரு அழிச்சது இத மட்டும் இல்ல. இத்தன வருசம் எழுதினது அத்தனையும், ஒண்ணுவிடாம. கடைசியில நெட்டுல இருந்த பேரையும் எடுத்துட்டாரு. எழுதிப் பாத்தேன், போய்ச் சேரல்ல. ஆளு என்ன ஆனாரோண்ணு எனக்கு உறக்கம் வரல்ல மாமி, விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்.

அந்தா, தாழ்ப்பாள் எடுக்கிய சத்தம். கண்ணத் தொடச்சுக்கிடுங்க. கம்பெனியே நிண்ணு போச்சுண்ணு நான் சொல்லும்போ நீங்களும் தலையாட்டணும், கேட்டியளா. உண்மைய நாளைக்கு நானே சொல்லி ஏச்சு வாங்கிக்கிடுவேன்.