அம்பு முனையில் இருந்த கறை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, லஸ்ஸிலிருந்து அடையாறு செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். ஒருத்தி தொல்பொருள் ஆராய்ச்சி மாணவி என்பதும், மற்றவள் வேதியியல் கூடத்தில் வேலை பார்க்கும் தோழி என்பதும் பேச்சிலிருந்து விளங்கின.

"பல்லாயிரம் வருஷத்துப் பிசினாவது! உன் கல் அம்பு முனையில இருக்கிறது நாற்காலிக்கு அடிக்கிற பாலிஷ்டி," என்றாள் தோழி.

"ஒன்பது முனையிலயும் அடிப்பக்கம்தானே கறை இருக்கு? குச்சியில வச்சு ஒட்டற இடம் அதுதான்."

"கல்லுல அடையாள நம்பர் எங்கே எழுதினே?"

"அடியிலதான். போட்டோவுல முனை தெரியணுமே."

"மை ஊறாம இருக்க முதல்ல என்ன தடவினே?"

"அரக்கு பாலிஷ்," என்றாள் மாணவி.

"அதான் நான் ஸ்பிரிட் பஞ்சால தொட்டதுமே கரைஞ்சு வந்துடுத்து. அத்தனை காலத்துப் பிசின் இவ்வளவு சுளுவா விடாது."

"நாளைக்கு ஆராய்ச்சிக் கூட்டத்துல இதைப் பத்திக் கட்டுரை படிக்கணும்டி. அம்மா புதுப் புடவைகூட எடுத்துட்டா."

"படியேன். அங்கே எவன் பஞ்சும் கையுமா வரப்போறான்?"

"என்னை நம்பி இன்னொருத்தர் எழுதுவார். அவரை நம்பிப் பாடப் புஸ்தகத்துல போடுவா."

நடத்துநர் மாணவி பக்கம் குனிந்தார். "இன்னாம்மா, மந்தவெளிக்கு டிக்கெட் வாங்கிட்டு குந்திக்கினே கீறே? ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எறங்கு."

"அடையாறுக்கு ஒண்ணு குடுங்க," என்றாள் மாணவி. "எங்க புரொபசர் ஆத்துக்குப் போகணும்."

"போய் என்னடி சொல்லுவே?"

"தடவினது நான்தான்னு."