குங்குமம் வைத்த குழாய்

என் பாதுகாப்பு வகுப்பில் இதுவரை யாரும் தூங்கியதில்லை, ஐயா. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஷாம்பு ஆலையில் பதினெட்டு வருடமாக நான்தான் பாதுகாப்பு அதிகாரி. ஷாம்பு கெட்டுப்போகாமல் இருக்க ஒரு திரவம் சேர்ப்போம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. கண்ணில் தெறித்தால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். முதல் நிமிடம்தான் முக்கியம். இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அதற்காகவே கலவைப் பிரிவில் கண் கழுவும் குழாய் ஒன்று உண்டு. தட்டை அழுத்தினால் தண்ணீர் மேலே பீய்ச்சியடிக்கும். ஆயுத பூஜைக்கு இயந்திரங்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. யார் கையாவது பட்டுப் பொட்டு கரைந்துவிடக் கூடாது என்று பின்னால் இருக்கும் வால்வை மூடிவிடுவது வழக்கம். விடுமுறை முடிந்ததும் திறக்க வேண்டும்.

போன வருடம் பூஜை விடுமுறைக்குப் பிறகு முதல் நாள். அந்தப் பிரிவில் வேலைபார்த்த என் மகள் மானசா டிரம்மைத் திறக்கும்போது திரவம் தெறித்து, கண்ணாடி விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. ஓடிப்போய்த் தட்டை அழுத்தினாள். தண்ணீர் வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே கழிவறைக் குழாய்க்குப் போய்ச் சேர நான்கு நிமிடம். வலது கண் போயிற்று. அவளுக்கு இருபத்து மூன்று வயது.

பிரிவு மேற்பார்வையாளன் சம்பத் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "வால்வு மூடி கீதுன்னு எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றான். அவனுடைய இரண்டு கண்களும் நன்றாக இருந்தன. அவற்றை வெறுத்தேன். அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் அவனோடு டீ குடித்தேன்.

டிரம்மிலிருந்து அந்தத் திரவத்தை ஏற்றும் பம்ப் ஓடும்போது சம்பத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பான். மூன்று முறை எழுத்து மூலமாகக் கண்டித்திருக்கிறேன். இந்த வருடம் பூஜை முடிந்து ஆலை திறந்த காலையில் பம்ப் குழாயை இறுக்கும் வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். கண் கழுவும் குழாயின் வால்வைத் திறக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

ஒன்பதரை மணிக்குச் சம்பத்தின் கண்ணில் தெறித்தது. குழாய்க்கு ஓடினான். தட்டை அடித்து அடித்துப் பார்த்தான்.

"சார், தண்ணி வரல சார். கண்ணு எரிஞ்சுகினு கீது. எதுனா பண்ணு சார்."

"கசக்காதீங்க சம்பத்" என்று அவன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். வாளியோடு ஓடிவந்த தொழிலாளி தனகோடியை, "கண்ட தண்ணியும் கண்ணுல படக்கூடாது, தள்ளி நில்லு" என்று நிறுத்தினேன். முதலுதவி விஷயத்தில் அங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. சுவர்க் கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. நான்கு நிமிடம் முடிந்ததும் வால்வைத் திறந்தேன். பிறகு பதினைந்து நிமிடம், ஒரு வினாடி குறையாமல், நானே கழுவிவிட்டேன்.

போன வருடம் வால்வை மூடியது யார் என்று கேட்டீர்கள். நான்தான், ஐயா. வருடா வருடம் பொட்டு வைப்பதும் நான்தான். போன வருடம் ஆலை திறந்த அன்று காலை, போய்ப் பார்க்காமலே, 'தண்ணீர் வருகிறது' என்று சோதனைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இருந்தாலும் சம்பத் அன்றைக்கு ஒரு தடவை தட்டை அழுத்திப் பார்த்திருக்கலாமே.